பேச்சியின் பெயரை எங்கே எழுதுவது

கஞ்சி அதிகமாகிவிட்ட பாவாடை நடக்க நடக்க முழங்காலைப் பிராண்டிக்கொண்டே வந்தது. அந்தக் காலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த எரிச்சல்தான். அறுபதுகளின் நடுவில், ஜூன் மாதத்து மழை இறங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கி மாட்டுங்காவுக்கு நாங்கள் நான்கு பேர் போய்க்கொண்டிருந்தோம்: நானும் என் அம்மாவும், என் கூட்டாளி பேச்சியம்மாளும், அவளுடைய அம்மா மாடத்தி அத்தையும்.

எங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் படிப்பு ஏழாவதோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எங்கள் சந்துப் பெண்கள் அப்பளம் உருட்டப் போவார்கள், இல்லாவிட்டால் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலிப் பக்கம் ரயிலேற்றி அனுப்பப்படுவார்கள். மாட்டுங்காவில் இருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எட்டாவதில் சேரப் பரீட்சை வைப்பார்கள். முப்பது இடம் எல்லோருக்கும் பொது. அதைத் தவிர, அன்றைய வழக்கப்படி 'ஹரிஜன மாணவிகள்' என்று தலைப்பிட்டு இரண்டு இடங்களை ஒதுக்கியிருந்தார்கள். மனுவில் சாதி என்ற கட்டத்தை நிரப்பும்போது என் அம்மா பேனாவைச் சற்று நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த மாடத்தி அத்தைதான், "எழுதும் மதினி. நாம என்ன களவாண்டா வச்சிருக்கோம்?" என்றாள்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோல் கம்பெனியில் வந்திறங்கும் தோல்களிலிருந்து உப்பை உதறிக் கழுவும் வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். பேருந்தில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அவள் அதைப் பார்க்காதவள்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு விஷயம் சரியில்லை என்று மனதுக்குப் பட்டுவிட்டால் கேட்காமல் நகரமாட்டாள். அதனால் எங்கள் சந்தில் அவளுக்கு 'கோர்ட்டு' என்று ஒரு பட்டப்பெயரும் இருந்தது.

பேச்சியும் நானும் அந்தப் பரீட்சையை எழுதியிருந்தோம். அன்று பள்ளித் தாழ்வாரத்தில் முடிவுப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். மேலே முப்பது பெயர். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, ஒதுக்கிய இடங்களுக்கு, இரண்டு பெயர். அந்த இரண்டில் முதல் பெயர் பேச்சியுடையது, நூற்று நாற்பத்தெட்டு மார்க். அடுத்தது செம்பூரிலிருந்து வந்த ஒரு பெண், நூற்றுப் பதினேழு. என் பெயர் எங்கும் இல்லை. அம்மா ஆபீஸ் ஜன்னலில் போய்க் கேட்டபோது குமாஸ்தா ரிஜிஸ்டரைப் புரட்டி, "நூற்றுப் பன்னிரண்டு. அடுத்தது இவதான். ஆனா இடம் ரெண்டுதானேம்மா" என்று வருத்தத்தோடுதான் சொன்னார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். மாடத்தி அத்தை நகரவில்லை. "ஏட்டி பேச்சி, எல்லாத்தையும் வாசி" என்றாள். பேச்சி முப்பது பெயரையும் மார்க்கோடு வாசித்தாள். கடைசிப் பெயர் வசந்தா, நூற்று இருபத்தொன்று.

"அப்பம் ஒனக்குக் கூடுதலா, அந்தப் பிள்ளைக்குக் கூடுதலா?"

"எனக்குத்தாம்மா."

"பின்ன நீ ஏன் கோட்டுக்குக் கீழ கெடக்க?"

பேச்சி பட்டியலை மறுபடியும் பார்த்தாள். எனக்கும் அதுவரை அது தோன்றியிருக்கவில்லை. பேச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது, எனக்குக் கிடைக்கவில்லை. பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

அத்தை நேராக ஆபீஸ் ஜன்னலுக்குப் போனாள். குமாஸ்தா, "உங்க பொண்ணுக்குத்தான் கிடைச்சாச்சே, அப்புறம் என்ன?" என்றார். "கிடைச்சது சரிதான் சார். எதுல கிடைச்சுதுன்னு கேக்கேன். எம்மவ எடுத்தது கோட்டுக்கு மேல உள்ள மார்க்குதானே?" என்றாள் அத்தை. அவர் எரிச்சலோடு, இதையெல்லாம் கிளறினால் இருக்கிற இடமும் போய்விடும் என்றார். பேச்சி மேலே போனால் கீழே காலியாகும் இடம் எனக்கு வரும் என்று புரிந்த என் அம்மா அத்தையின் சேலையைப் பிடித்தாள். "வேண்டாம் மதினி. எம்பிள்ளைக்காக ஒம்ம பிள்ளை வாழ்வைக் கெடுத்துக்கிடாதேயும்." அத்தை கையை விடுவித்துக்கொண்டாள். அவளும் பயந்துதான் இருந்தாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வெளியே வந்தார். கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர். அத்தை சொன்னதை நின்றபடியே முழுவதும் கேட்டார். பட்டியலைப் போய்ப் பார்த்தார். மார்க்குகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "நீங்க சொல்றது நியாயம்தாம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா இவளை மேல எழுதினா, மேல இருக்கிற கடைசிப் பொண்ணு வெளில போகணும்" என்றார்.

அந்த வசந்தாவின் அப்பா தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் குடையும் டிபன் பாக்ஸுமாக, ஆபீஸுக்குப் போகிற வழியில் பட்டியல் பார்க்க வந்தவர். அதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அத்தை அவரைப் பார்த்தாள். வெடித்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை என்ன தப்பு செஞ்சுது டீச்சர்? எழுதுனவுக செஞ்ச தப்புக்கு அது ஏன் போகணும்? ஒரு பெஞ்சு கூடப் போட முடியாதா?" என்றாள்.

தலைமையாசிரியை உடனே சரி என்று சொல்லவில்லை. கமிட்டிக்கு எழுத வேண்டும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த ஒரு வாரம் என் அம்மா அத்தையோடு சரியாகப் பேசவில்லை. எனக்குக் கிடைத்தாலும் குற்றம், பேச்சிக்குக் கிடைத்தது போனாலும் குற்றம் என்று தவித்தாள். பேச்சியும் நானும் தண்ணீர்க் குழாயடியில் சந்தித்தால் பள்ளிக்கூடப் பேச்சையே எடுக்கமாட்டோம். அத்தை மட்டும் எப்போதும்போல் வேலைக்குப் போய் வந்தாள்.

எட்டாம் நாள் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். பேச்சியின் பெயர் கோட்டுக்கு மேலே ஐந்தாவதாக இருந்தது. கோட்டுக்குக் கீழே செம்பூர்ப் பெண்ணும் நானும். வசந்தா முப்பத்தொன்றாவது. வகுப்பின் பின்பக்கம் ஜன்னலோரம் போட்ட புது பெஞ்சில், வார்னிஷ் வாசனை போகாத அந்தப் பலகையில், வசந்தாவும் நானும் நான்கு வருஷம் உட்கார்ந்தோம். அவள் முதல் மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள்.

பேச்சி படித்து டெலிபோன் ஆபீஸில் சேர்ந்தாள். எனக்கு வேறொரு பள்ளியில் ஆபீஸ் வேலை கிடைத்தது. வேலை உத்தரவோடு அத்தை காலில் விழப் போனேன். தள்ளி நின்றுகொண்டாள். "நான் ஒனக்காகவாட்டி போனேன்? எழுதுனது தப்பா இருந்துது, கேட்டேன்" என்றாள். அது முழு உண்மை இல்லை என்று நினைக்கிறேன். பாதியாவது உண்மை. முப்பது வருஷத்துக்கு மேல் நான் வேலை பார்த்த பள்ளியின் சேர்க்கைப் பட்டியல்களை எழுதினேன். யார் என்ன சாதி என்ற தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மார்க்கின்படி பொதுப் பட்டியலை முழுக்க எழுதி முடித்த பிறகுதான் ஒதுக்கிய இடங்களுக்கான பட்டியலைத் தொடங்குவேன். புதிதாக வந்த குமாஸ்தாக்களுக்கு அது என்ன பிடிவாதம் என்று புரியாது.

பேச்சி இப்போது கல்யாணில் இருக்கிறாள், நான் வாஷியில். போன மாதம் இருவரும் தாராவிக்குப் போனோம். தோல் கம்பெனிகள் அநேகமாக இல்லை. அந்த வாடையும் இல்லை. எங்கள் சந்து இருந்த இடத்தில் ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. மாடத்தி அத்தை கடைசி வரை இருந்த அறை எந்தப் பக்கம் என்று பேச்சியைக் கேட்டேன். அவள் இரண்டு தூண்களுக்கு நடுவே போய் நின்று பார்த்தாள், திரும்பி இன்னொரு பக்கம் போய் நின்றாள். "சரியாத் தெரியலையே" என்றாள்.