கிரைண்டருக்குப் போட்ட மூன்று லக்குகள்

அந்தக் கருவியை வாங்கியதை நான் வீட்டில் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக் கொண்டு வந்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தேன். ஐம்பதைத் தொடப்போகும் மனிதன் மனைவிக்குப் பயந்து கொறடு ஒன்றை ஒளித்து வைத்த கதை இது. சொல்ல வெட்கம்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் மனைவி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். இரும்புலியூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன் அறையில் மாவைச் சாய்த்து ஊற்றும் ஒரு டில்டிங் கிரைண்டர் நிற்கிறது. வாங்கும்போதே பழையது. அந்த மோட்டாரில், வயர் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்குள் இரண்டு போல்ட். வயரின் செம்பு இழைகளை முறுக்கி, போல்ட்டைச் சுற்றி வளைத்து, மேலே நட்டை இறுக்கிவிடுவார்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். கிரைண்டர் ஓடும்போது தரையே அதிரும். அதிர அதிர அந்த இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சம் இருக்கும் நாலு இழையில் எல்லாக் கரண்டும் போய், சூடேறிக் கருகிவிடும்.

ஒருமுறை அப்படிக் கருகியபோது நான்தான் சரி செய்தேன். பல்லால் வயர் தோலைக் கடித்து உரித்து, முறுக்கி, இறுக்கி, டேப்பும் சுற்றினேன். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் பெட்டியிலிருந்து புகை கிளம்பி, அறை முழுக்க ரப்பர் கருகிய நாற்றம். அந்த நாற்றம் மாவில் ஏறிவிட்டது என்று மனைவி ஒரு குண்டான் மாவையும் கீழே கொட்டினாள். வழக்கமாக வரும் எலெக்ட்ரீசியன் வந்து, திறந்து பார்த்துவிட்டு, "யார்க்கா இந்த விஞ்ஞானி?" என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கிடந்த செருப்பை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவனும் அதையேதான் செய்தான். முறுக்கினான், வளைத்தான், இறுக்கினான். கொஞ்சம் அழகாகச் செய்தான், அவ்வளவுதான். அன்று முதல் மனைவி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மெஷின் மேல மட்டும் கைய வெக்காதயா."

நான் வேலை பார்ப்பது முடிச்சூர் சாலையில் ஒரு டைல்ஸ் குடோனில். அங்கே ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ரிப்பேர் செய்ய வந்தவர் வயர் முனையில் ஒரு சின்ன வளையத்தை மாட்டி, கொறடு போல ஒன்றால் அழுத்தினார். கர், கர், கர் என்று பல் பல்லாகச் சத்தம் கேட்டு, கடைசியில் தானாக விட்டது. வளையம் வயரோடு ஒன்றாகிவிட்டது. நான் அருகே போகவில்லை. தெரியாதவர்களிடம் கேள்வி கேட்க எனக்கு வாய் வராது. டைல்ஸ் பெட்டியைத் துடைப்பதுபோல நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். அந்த வளையத்துக்கு லக் என்று பெயர், அழுத்தும் கருவிக்குக் கிரிம்பிங் டூல் என்று பெயர் என்பதை அவர் உதவியாளரிடம் பேசியதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

சண்முகம் சாலையில் ஹார்டுவேர் கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்றின் விலை என் ஒரு வாரக் கூலி. இன்னொன்று அதில் கால் பங்குகூட இல்லை. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கண்டு, "உனக்குப் பேர் வேணுமாண்ணா, வேலை நடக்கணுமா?" என்றார். சின்னதை எடுத்துக்கொண்டேன். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று மூன்று நிறத்தில் லக்குகள் நிறைந்த ஒரு டப்பாவும் கொடுத்தார்.

அதோடு வந்த தாளில் எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். தமிழ் நன்றாகப் படிப்பேன், கணக்கு வரும், இங்கிலீஷ் வராது. ஆனால் கருவியின் வாயில் மூன்று பள்ளங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு நிறப் புள்ளி. சிவப்பு லக்குக்குச் சிவப்புப் பள்ளம். இதற்கு எந்தப் பள்ளிக்கூடமும் போக வேண்டாம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் துணி காயப்போடும் சாக்கில் மாடிக்குப் போவேன். குடோனில் தூக்கிப் போட்ட வயர்த் துண்டுகளை எடுத்து வந்திருந்தேன். முதலில் மஞ்சள் லக்கைத்தான் போட்டேன். பெரிதாக இருந்தது, பெரிதென்றால் பலம் என்று நினைத்தேன். வயரைக் காலால் மிதித்துக்கொண்டு லக்கை இழுத்தால் சொத்தைப் பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. சிவப்புக்குள் வயரே நுழையவில்லை. நீலம் போட்டு இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். என் கைதான் வழுக்கியது. அன்று மாடியில் தனியாக நின்று சிரித்தேன். பிறகு இருபது முப்பது லக் போட்டிருப்பேன், ஒவ்வொன்றையும் மிதித்து இழுத்துப் பார்த்தேன். ஆனாலும் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஓடுகிற மெஷினைக் கழற்றுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. எங்கள் தெருவில் குடியிருக்கும் டீச்சரம்மா தினமும் இவளிடம்தான் மாவு வாங்குவார். அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அன்று மைதானத்தில் கடைகள் போடுவார்கள். தோசைக் கடை டீச்சரம்மா பொறுப்பு. "ஐம்பது கிலோ மாவு வேணும்மா. சண்டே மார்னிங் பொங்கி ரெடியா இருக்கணும். முடியுமா?" என்று கேட்டார். அதுவரை இவள் ஒரு நாளில் பதினைந்து கிலோவைத் தாண்டியதில்லை. முடியும் என்றாள். அவர் போன பிறகு, வீட்டில் இருக்கிற தூக்குப் பாத்திரங்களை எண்ணத் தொடங்கினாள்.

சனிக்கிழமை விடிந்ததும் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்தாள். இருக்கிற பாத்திரம் போதாமல் குளிக்கிற பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி அதிலும் ஊறவைத்தாள். எனக்கு அன்று அரை நாள் வேலை. மதியம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கிரைண்டர் நின்றிருந்தது. உளுந்து பாதி அரைந்து கல்லோடு ஒட்டிக் கிடந்தது. பெட்டியிலிருந்து அதே ரப்பர் நாற்றம். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் கோவளத்துல ஒரு பங்களா வேலைல கீறேன். ஆறு மணிக்கு மேலதான் வர முடியும்" என்று எலெக்ட்ரீசியன் சொல்வது எனக்கே கேட்டது.

ஆறு மணிக்கு வந்து, சரி செய்து, அதற்குப் பிறகு அரைத்தால் மாவு காலைக்குள் பொங்காது. பொங்காத மாவில் தோசை வார்த்தால் அட்டைதான். ஊறிய அரிசியும் அதுவரை காத்திருக்காது. அவள் போனை வைத்துவிட்டு பக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மில்லுக்கு எடுத்துகினு போயிடலாமா?" என்றேன்.

"அதுல மொளகாத்தூள் அரைக்கறான்யா. டீச்சர் மூஞ்சில முழிக்க முடியுமா?"

"நான் பண்றேன்."

"நீ பண்ணி ஒரு குண்டான் மாவு கொட்னது போதாதா?"

போன தடவை முறுக்கியது நான் இல்லை, அந்த எலெக்ட்ரீசியன்தான் என்று சொல்லியிருக்கலாம். மாடிக்குப் போய் கவரை எடுத்து வந்தேன். அவள் கருவியைப் பார்த்தாள், லக் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது எப்போலேர்ந்து நம்ம வூட்ல கீது?" என்றாள். நான் பிளக்கைப் பிடுங்கி, அதை அவள் கையிலேயே கொடுத்தேன். "நான் சொல்ற வரைக்கும் கைலயே வெச்சுக்கோ." கரண்டு அவள் கையில் இருந்தால் எனக்கும் பயமில்லை, அவளுக்கும் பயமில்லை.

பெட்டியைத் திறந்தேன். ஒரு வயர் கரிக்கட்டை. இன்னொன்று பாதி. கருகியதை வெட்டியதும் வயரில் கட்டை விரல் நீளம் போய்விட்டது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் படுத்துக்கொண்டுதான் கையை நீட்ட முடிந்தது. நிறப் புள்ளிகள் கருவியின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். நான் படுத்திருந்த வாகில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீலத்துக்கான நடுப் பள்ளம் என்று நினைத்து ஓரத்துச் சின்னப் பள்ளத்தில் நீல லக்கை வைத்து அழுத்திவிட்டேன். கர், கர் என்று இரண்டு பல் போனது. அதற்கு மேல் போகவில்லை. பின்னாலும் வரவில்லை. முழுக்க அழுத்தாமல் அது வாயைத் திறக்காது. மாடியில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. கையை எடுத்தேன். கருவி வயரைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

"இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

அவள் குனிந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லையா? கடிச்சுகினு கீது! இன்னாயா இது, நாயா, கொறடா?"

இழுத்தால் வயர் இன்னும் போகும். அந்தத் தாளில் இதற்கு வழி எழுதியிருக்கும், என்னால் படிக்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை மட்டும் நினைத்துப் பார்த்தேன். கர், கர். அது எனக்குத் தெரிந்த சத்தம்தான். இளவயதில் ஆறு வருஷம் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன் நான். சைக்கிளின் ஃப்ரீவீலும் இதே சத்தம்தான் போடும். முன்னால் சுற்றும்போது கவ்வும், பின்னால் சுற்றும்போது விடும். அதைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன நாக்கு இருக்கும், அதுதான் பல்லில் மாட்டிக்கொண்டு பிடிக்கிறது. அப்படியென்றால் இதற்கும் நாக்கு இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கைப்பிடிக்கும் நடுவே, உள்ளே தள்ளி, நகக்கண் அளவில் ஒரு தகடு. ஸ்க்ரூ டிரைவரால் அதை நெம்பினேன். டப் என்று வாய் திறந்தது.

"விட்டுச்சா?" என்றாள்.

"விட்டுச்சு."

நசுங்கிய லக்கை வெட்டி எறிந்தேன். வயர் இன்னும் குறைந்தது. இன்னொரு தடவை தவறினால் போல்ட்டுக்கு எட்டாது. இந்தத் தடவை அவளை டார்ச் பிடிக்கச் சொல்லி, கருவியைத் திருப்பி, நீலப் புள்ளியைக் கண்ணால் பார்த்து வைத்தேன். கர், கர், கர், கர். தானாக விட்டது. லக்கைப் பிடித்துத் தம் கட்டி இழுத்தேன். மெஷின் லேசாக அசைந்தது, லக் அசையவில்லை. அடுத்த வயருக்கும் போட்டு இழுத்தேன்.

அப்போதுதான் பச்சை வயரைப் பார்த்தேன். பெட்டியின் மூலையில் மடக்கி, டேப் சுற்றி, எதிலும் மாட்டாமல் கிடந்தது. எர்த் வயர், மெஷினில் கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டியது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தினமும் இந்த மெஷினைத் தொடுகிறவள் என் மனைவி. "சில நேரம் விரல்ல எறும்பு கடிக்கற மாதிரி கீது" என்று அவள் சொன்னதை நான் குளிர் தண்ணீரால் வருவது என்று நினைத்திருந்தேன். டேப்பைப் பிரித்து, அதற்கும் ஒரு லக் போட்டு, மோட்டார் உடம்பில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு அங்கே இருந்த போல்ட்டில் இறுக்கினேன். மூன்று இடத்திலும் நட்டுக்கு அடியில் ஸ்ப்ரிங் வாஷர் போட்டேன். அதிர்கிற வண்டிக்கு அது இல்லாமல் நட்டு நிற்காது என்பது சைக்கிள் கடையில் கற்றது.

"இப்ப பிளக்கைக் குத்து."

"நீ முதல்ல இந்தப் பக்கம் வாயா."

கிரைண்டர் சுற்றியது. அவள் தண்ணீர் தெளித்தாள். கல்லில் ஒட்டியிருந்த உளுந்து கரைந்து, நுரைத்து மேலே வந்தது. அடுத்து அரிசி, அடுத்து அரிசி. நடுவில் நான்கு தடவை மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். மோட்டாரின் சூடுதான் இருந்தது. பெட்டிக்குள் சூடு இல்லை.

ஆறரைக்கு எலெக்ட்ரீசியன் வந்தபோது அவள் கடைசி ஈட்டைத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் திறந்து, லக்கை இழுத்துப் பார்த்தான். இன்னும் ஒருமுறை இழுத்தான். பிறகு பச்சை வயர் போய்ச் சேர்ந்த போல்ட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். மெஷினை ஓடவிட்டு, உடம்பில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை.

"எர்த்தை நான் போட்டிருக்கணும்ண்ணா" என்று தணிந்த குரலில் சொன்னான். உடனே சிரித்துக்கொண்டு, "அந்த டூலைக் குடு, பாக்கலாம்" என்றான். வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இந்த மட்டமான டூல்லயா இப்படிப் போட்ட? என் பொழப்புல மண்ணைப் போடாதண்ணா."

"டீ குடிச்சுட்டுப் போ" என்றாள் என் மனைவி. அவனுக்கு டீ கொடுக்கும்போது, "பாதி நேரம் அது இவரைக் கடிச்சுகினு இருந்துது" என்றும் சொல்லிவிட்டாள்.

காலையில் மாவு தூக்கின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. ஷேர் ஆட்டோவில் சர்ச் மைதானத்துக்குக் கொண்டுபோனோம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் இல்லை. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு வண்டிகள் நிற்கும் பக்கம் போய் நின்றுகொண்டேன். தோசைக் கடையில்தான் கூட்டம் அதிகம். பதினொன்றரைக்குள் எல்லாத் தூக்கும் காலி. மனைவி கையைக் காட்டிக் கூப்பிட்டாள், போனேன்.

டீச்சரம்மாவோடு இன்னும் இரண்டு பெண்கள் நின்றார்கள். வேறொரு சர்ச்சில் அடுத்த மாதம் இதேபோல விழாவாம். "அங்க ஹண்ட்ரட் கிலோ கேக்கறாங்கம்மா. ஒரே நாள்ல அரைக்கணும். நேத்து மெஷின் ரிப்பேர்னு கேள்விப்பட்டேன். மெஷின் தாங்குமா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று பெண்களும் என்னைப் பார்த்தார்கள். மற்ற நேரமாக இருந்தால் நான் தரையைப் பார்த்திருப்பேன்.

"தாங்குங்க டீச்சர்" என்றேன். "ஒவ்வொரு மூணு ஈட்டுக்கும் அரை மணி நேரம் நிறுத்தணும், மோட்டார் ஆறணும். வயரு நான் போட்டது. அது ஒண்ணும் ஆகாது."

"அப்ப எழுதிக்கோங்க டீச்சர்" என்றாள் என் மனைவி.