உருளைக்கிழங்கில் கலந்த பொடி

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப்பின் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் துணிதான். சலவைக்கடையில் பதினோரு வருட வேலை. சட்டைக் காலரில் இருப்பது எண்ணெயா வியர்வையா என்று மோந்தே சொல்லிவிடுவாள். வாயைத் திறந்து பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இஸ்திரி போடுகிறவர் அவளுக்கு 'சைலண்ட்' என்று பெயர் வைத்திருந்தார்.

அவளுடைய ஆறு வயது மகளும் பேசுவதில்லை. அது வேறு சங்கதி. பாப்பாவுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில் டாக்டர் சொன்னார். பேச்சைவிடச் சாப்பாடுதான் வீட்டில் பெரும்பாடாக இருந்தது. பாப்பா தொடுவது நான்கே நான்கு: பால், ஓரம் வெட்டிய ரொட்டி, வெறும் சோறு, மசித்த உருளைக்கிழங்கு. அதிலும் உருளைக்கிழங்கு நீலக் கிண்ணத்தில் இருக்க வேண்டும், அம்மாதான் ஊட்ட வேண்டும். சின்னக் கட்டி ஒன்று நாக்கில் பட்டாலும் அன்றைக்கு அத்தோடு சரி.

கணவர் சரக்கு வண்டியோடு வாரக்கணக்கில் வெளியே போகிறவர். அதே தெருவில் இருந்த அவருடைய அக்கா ஒருநாள் டப்பா ஒன்றோடு வந்தாள்.

"சத்துப்பொடி. ஆர்டர் போட்டு வரவழைச்சேன். பாலையும் கோதுமையையும் நிறுத்திட்டு இதக் குடு. மூணே மாசத்துல பேசிடுவாளாம்."

"யார் சொன்னா அண்ணி?"

"போன்ல ஒரு குரூப் இருக்கு. அதுல ஒரு அம்மா போட்டிருக்காங்க. அவங்க பொண்ணு இப்ப பாட்டே பாடுதாம்."

"டாக்டர ஒரு வார்த்தை..."

"அவர் பத்து நிமிஷம் பாக்கறவர். பெத்தவ நீ. உனக்கே அக்கறை இல்லன்னா நான் என்ன சொல்றது?"

அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பாலை நிறுத்த மனம் வரவில்லை. நான்கில் இரண்டைப் பிடுங்கினால் பிள்ளை எதைத் தின்னும்? பொடியை மட்டும் அரை ஸ்பூன், வெண்ணெயோடு உருளைக்கிழங்கில் குழைத்தாள். கறையை மோந்தே கண்டுபிடிக்கும் மூக்கு மகளுக்கும் வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

பாப்பா முதல் வாயை விழுங்கவில்லை. கிண்ணத்தையே பார்த்தாள். வாயிலிருந்ததை அப்படியே வழியவிட்டாள்.

மறுநாள் ஒன்றும் கலக்காத கிழங்கைக் கொண்டுபோனாள். கிண்ணத்தைக் கண்டதுமே பாப்பா அலமாரிக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் சோற்றையும் ரொட்டியையும்கூட அம்மா கையிலிருந்து வாங்கவில்லை. தானே பிடித்துக் குடிக்கும் பால் ஒன்றுதான் உள்ளே போனது. நான்காம் நாள் பாப்பாவின் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. அவள் லீவு சொல்லிவிட்டு, டப்பாவைப் பையில் போட்டு, பிள்ளையோடு ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் போனாள்.

அந்த அம்மாள் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "சொல்லாம ஒளிச்சுக் கலந்தீங்களா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"இதப் பண்ணாத அம்மாவ நான் இன்னும் பாக்கலம்மா. நானே என் பொண்ணுக்கு மாத்திரைய ஜாம்ல ஒளிச்சவதான். மூணு வருஷம் ஜாம் பக்கமே அவ திரும்பல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"பொடி தின்னா பேச்சு வரும்னு யாரும் நிரூபிக்கல. பாலையும் நிறுத்தாதீங்க. ரத்தம் பாப்போம். எது குறையுதோ அத மட்டும் குடுப்போம். மருந்து மருந்தாவே போகட்டும், சாப்பாட்டுக்குள்ள வேண்டாம். அவ நம்பித் தின்னுறது நாலே நாலு."

"அந்த நாலுல மூணு போச்சே மேடம்."

"திரும்ப வரும். கொஞ்ச நாள் ஊட்டாதீங்க. வச்சிட்டு ஒதுங்கிக்கோங்க. பாலும் குறைஞ்சா மட்டும் உடனே தூக்கிட்டு வாங்க."

பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று வந்தது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், பாலோடு சேர்க்காமல் தனியாகக் கொடுக்கச் சொல்லி. முதல் நாள் பாப்பா அதைச் சுவரில் துப்பினாள். அது தனி யுத்தம்.

மறுநாள் கடைக்கு ஒருவர் விலையுயர்ந்த கோட்டு கொண்டுவந்தார். கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் எதிரிலேயே துணியை விரித்து, பைகளை வெளியே இழுத்து, இருக்கிற கறையை எல்லாம் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் சீட்டு கொடுப்பார்கள். பின்னால் சண்டை வராது. அவள் வாய் பேசாமல் தினமும் நூறு தடவை செய்கிற வேலை அது. கோட்டுப் பையை இழுத்த கை அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம் பாப்பாவைச் சமையலறையில் உட்காரவைத்தாள். நீலக் கிண்ணத்தைக் கழுவி, கவிழ்த்துத் தட்டி, மோந்து பார்க்கக் கொடுத்தாள். அவித்த கிழங்கை அவள் கண்ணெதிரே உரித்தாள். மசித்தாள். வேறொன்றும் சேர்க்கவில்லை.

வாசலில் நின்ற நாத்தனார் கேட்டாள்: "என்னடி இது, மேஜிக் ஷோவா?"

"ஆமா அண்ணி. டிக்கெட் வாங்கிட்டு உக்காருங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. நாத்தனார் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று சாயங்காலம் பாப்பா மோந்துவிட்டுப் போய்விட்டாள். நான்காம் நாள் ஒரு விரலைக் கிண்ணத்தில் விட்டாள். நக்கினாள். ஸ்பூனைத் தானே எடுத்து அள்ளினாள். பாதி கவுனில் விழுந்தது.

"ஐயோ, ஊட்டி விடேன்! கொட்டுது பாரு."

"கொட்டட்டும் அண்ணி."

பாப்பா ஐந்து வாய் தின்றாள். ஆறாவதை அள்ளும்போது அம்மாவின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. அவள் அதை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.