சுண்டால் அளந்த கவலை

அச்சு மையில் மண்ணெண்ணெய் கலந்த மணம்... கிளிநொச்சியில் எங்கள் சின்னப் பத்திரிகைக் கந்தோருக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். மைக்குத் தட்டுப்பாடு. மண்ணெண்ணெய் விட்டு இளக்கித்தான் அடிப்போம். தாள் வராத நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அடித்திருக்கிறோம்.

நான் அங்கே புரூஃப் பார்த்தேன். எதிர் மேசையில் குணம் அண்ணை, எங்கள் கேலிச்சித்திரக்காரர். ஆட்சியில் இருந்த பெரியவர்களையும் வெளிநாட்டுத் தூதர்களையும் மனிசன் ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

ஒருமுறை நிவாரண வரிசை ஒன்றை வரைந்தார். சங்கக்கடை வாசலில் சனம் உரப்பையோடு நிற்கிறது. உள்ளே கோட்டுப் போட்ட தூதர். பக்கத்தில் ஒரு மூட்டை, அதில் ‘ஆழ்ந்த கவலை’ என்று எழுதியிருக்கிறது. அதை அரிசி அளக்கிற தகரச் சுண்டால் அளந்து ஆளுக்கு ஆள் போடுகிறார். மந்திரி ஒருவர் சுண்டின் தலையைத் தட்டி விடுகிறார்... ஒரு மணி கூடிவிடக் கூடாதாம்.

அடுத்த நாள் உண்மையான சங்கக்கடை வரிசையில் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள்.

"மனேச்சர், எனக்கு ரெண்டு சுண்டு கவலை போடுங்கோ" என்று ஒருவர் கேட்டாராம்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் ஒரு தூதர் எங்கள் கந்தோருக்கே வந்திருந்தார். தன்னை நக்கலடித்த படத்தை மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு விளங்கிக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அண்ணைக்குக் கையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு ஒரு நம்பிக்கை.

"அவங்கள் எங்கட படங்களைப் பாக்கிறாங்கள் தங்கச்சி. வெக்கம் இருக்கிறவன்தான் சிரிப்பான்."

இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. தூதர்களை அவ்வளவு பகிடி பண்ணிய மனிசன்... எங்களுக்குள் அவர்களை அதிகம் நம்பியவரும் அவர்தான்.

சண்டை கிட்ட வந்தது. அண்ணையின் ஒரே மகள் ஆரணிக்கு இருதயத்தில் ஓட்டை. வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாய்க்கும் பிள்ளைக்கும் எங்கள் பகுதியை விட்டு வெளியேறும் பாஸ் கிடைத்தது. அவருடைய மனைவி பவா அக்கா உடுப்புகளை அடுக்கிய பையோடு கந்தோருக்கே வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு நாங்கள் வெளிக்கிடுறம். பாதை பூட்டினால் பிறகு ஏலாது."

"ரெண்டு கிழமை பொறுமப்பா. போனால் ஆமிக்காரர் உங்களை முகாமிலதான் வைச்சிருப்பாங்கள். வெளிநாட்டுக்காரர் இதைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டினம்."

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கொஞ்ச நாளில் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் எங்களை விட்டு வரிசையாக ஓமந்தைச் சோதனைச்சாவடிப் பக்கம் போயின. சனம் மறித்து அழுதும் நிற்கவில்லை. அண்ணை அதையும் வரைந்தார். பின் கண்ணாடிகளில் எல்லாம் தூதர்கள் கைகாட்டிக்கொண்டு போகிறார்கள். அப்போதும், "திரும்பி வருவினம்" என்றார்.

பாதை பூட்டுப்பட்டது.

இடம்பெயர்ந்து போன மாத்தளன் கடற்கரையில் நோயாளரை ஏற்றும் கப்பலுக்காக அண்ணையும் அக்காவும் ஆரணியோடு காத்து நின்றார்கள். அந்த இடத்தில் செல் விழுந்து வெடித்தது. பிள்ளை அங்கேயே போய்விட்டாள்...

பவா அக்கா அந்தப் பாஸைப் பற்றி அதன்பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அண்ணை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது இருவரும் ஜெயபுரத்தில் வயல் செய்கிறார்கள். அவர் வரைவதை விட்டுவிட்டார்.

போன கிழமை அங்கே போயிருந்தபோது ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினேன். போர் நடக்கும் வேறொரு நாட்டில் ஒருவர் வரைந்தது. இடிந்த வீட்டுக்கு முன்னால் மேசை போட்டு, அறிக்கையில் எந்தச் சொல்லை வெட்டுவது என்று தூதர்கள் சண்டை பிடிக்கிறார்கள். படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் போட்டுவிட்ட சிரித்த முகங்கள் நிறைய. நானும் ஒன்று போட்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் படம் சங்கக்கடை வரிசையைத் தாண்டினாலே பெரிய காரியம். இன்றைக்கு ஒரு நொடியில் உலகம் முழுக்கப் போகிறது. உலகம் பார்த்தால் போர் நிற்கும் என்று நம்பினோமே... உலகம் நன்றாகத்தான் பார்க்கிறது. எதுவும் நிற்கவில்லை.

அண்ணை கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதைக் கீறினவர் எங்க இருக்கிறார்?"

"அங்கதான் அண்ணை. சண்டைக்குள்ள."

"பிள்ளையள் இருக்கோ?"

"தெரியேல்லை."

"அவருக்கு எழுது தங்கச்சி. கீறினது போதும், பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடச் சொல்லி எழுது."

குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த பவா அக்காவின் கை நின்றது.

"வெளிக்கிடப் பாதை இருக்கோ எண்டு முதல் கேள், பிள்ளை."