பரலுக்குள் இருந்த நல்ல தண்ணி

எங்கள் வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை என்று எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் எல்லாரும் சொல்வார்கள். சுத்தப் பொய். எனக்கு மூத்தது ஒன்று இருந்தது. விறாந்தை மூலையில் மரத்தாங்கி ஒன்றில் சாய்ந்து, அம்மாவின் பழைய நூல்சேலையைப் போர்த்திக்கொண்டு, அது பாட்டுக்கு இருக்கும். அப்பாவின் வள்ளத்து எஞ்சின். பதினைந்து குதிரைவலு என்பார்கள். உண்மைக் குதிரைக்குக்கூட யாரும் அவ்வளவு பணிவிடை செய்திருக்க மாட்டார்கள்.

அப்பா கடலால் வந்ததும் என்னைத்தான் தேடுவார் என்ற நினைப்பில் தினமும் படலையடியில் போய் நிற்பேன். அவர் எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். "விலகு மகள், விலகு" என்பார். எனக்குக் கிடைக்கிற செல்லம் அவ்வளவுதான். முற்றத்தில் நீலப் பரல் ஒன்று, பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், நல்ல தண்ணியோடு நிற்கும். பக்கத்தில் நட்டிருந்த கட்டையில் எஞ்சினைக் கொழுவி, அதன் கால் பரலுக்குள் தாழும்படி விட்டு, கயிற்றை இழுத்து ஓடவிடுவார். ஓடும்போது எஞ்சின் கடல்தண்ணியை உள்ளே இழுத்துத்தான் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறதாம். கரைக்கு வந்தபின் அந்தத் தண்ணி உள்ளே காயுமுன் நல்ல தண்ணி விட்டுக் கழுவ வேணும். இல்லாவிட்டால் உப்பு பொருக்காகப் பிடித்து வழியை அடைத்துவிடும். "உப்பு விருந்துக்கு வாற மாதிரி வந்து வீட்டையே பிடிச்சுப்போடும்" என்பார் அப்பா.

எஞ்சின் ஓடத் தொடங்கினால் பின்பக்கத்துச் சின்னத் துளையால் தண்ணி பீச்சியடிக்கும். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்பா, "தண்ணி வருதோ?" அப்பா உள்ளங்கையை அதில் பிடித்துச் சூடு பார்த்து, "ஓம், வருது" என்பார். அதற்குப் பிறகுதான் அம்மா சோற்றுப்பானையின் மூடியைத் திறப்பா. எனக்கு வயிறு பற்றி எரியும். நான் பாயை நனைத்தால் முதுகில் விழும். இந்தச் சனியன் முற்றத்தை நனைத்தால் வீடே ஆறுதலடையும்! எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது அம்மா. அதன் காய்ச்சலுக்கு மட்டும் அப்பாவின் கை. பிறகு துணியால் ஒற்றி, கிறீஸ் பூசி, சேலையைப் போர்த்திவிட்டுத்தான் அவர் என்னைப் பார்த்து, "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்பார். நான் இல்லையென்று பொய் சொல்வேன்.

என்னுடைய இரண்டாவது எதிரி மாமா, அம்மாவின் தம்பி. லிங்கநகரில் இருந்துகொண்டு திருகோணமலை டவுனில் ஒரு புடைவைக்கடையில் வேலை பார்த்தார். எங்களுக்குப் பக்கத்து மூதூருக்கு நேரே கடலால் படகு இருந்தும் அதில் கால் வைக்க மாட்டார். கிண்ணியாவைச் சுற்றி பஸ்ஸில்தான் வருவார். மாமாவுக்குக் கடல் பயம் என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கதை பரப்பி வைத்திருந்தேன். அவர் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டதும் அம்மா பெரிய செம்பு நிறையத் தண்ணியோடு ஓடுவா. அவர் கேட்கவே தேவையில்லை. அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு விழுமட்டும் குடிப்பார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நிற்பா. நான் வெயிலுக்குள்ளால் ஓடிவந்து தண்ணி கேட்டால், "குடத்தில கிடக்கு, வாத்துக் குடி" என்று பதில் வரும்.

ஆனால் ஒன்று. மாமா எஞ்சின் இருக்கிற பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். கதிரையை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுத்தான் இருப்பார். அந்த ஒன்றுக்காக மட்டும் அவரை எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

அந்த வருடம் கோடை கொளுத்தித் தள்ளியது. கிணற்றில் உவர் ஏறிவிட்டது. அதில் முழுகினால் தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். நல்ல தண்ணி பவுசர் லொறியில் வரும், வந்தால் உண்டு. அந்த நேரத்தில்தான் வெருகல் முருகன் கோயில் திருவிழாவும் வந்தது. அப்பா விடியக் கடலுக்குப் போய் வந்துவிடுவார், மாமா ஓட்டோ பிடித்துக்கொண்டு வருவார், எல்லாருமாகப் போவது என்று ஏற்பாடு. எனக்குக் கிளிப்பச்சையில் புதுச்சட்டை. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்திக்குத் தலைமயிர் எப்போதும் பட்டு மாதிரி. அவளுக்குப் பக்கத்தில் தும்புக்கட்டையோடு போய் நிற்க நான் என்ன பைத்தியமா?

"அம்மா, பரல் தண்ணியில தலை முழுகட்டோ?"

"அது அப்பாட எஞ்சினுக்கு. நீ கிணத்தில முழுகு. அது கழுவின மிச்சத்தில வேணுமெண்டா கடைசியா ஒருக்கா ஊத்திக்கொள்ளு."

மிச்சம்! எண்ணெய் மிதக்கிற அந்த மிச்சம்! அம்மா உள்ளே திரும்பியதும், சந்தனச் சோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, போட்டிருந்த பழைய சட்டையோடேயே பரலுக்குள் இறங்கினேன். தண்ணி கழுத்துமட்டும் வந்தது. அந்தக் குளிர்ச்சியை இன்றைக்கும் சொல்ல ஏலாது. எஞ்சின் தினமும் இந்தச் சுகத்தைத்தானே அனுபவித்தது என்று நினைக்க, சோப்புப் போடவும் மறந்துபோய்க் கோபம் கோபமாக வந்தது.

அப்பா வந்தார். தோளில் எஞ்சின். பரலுக்கு மேலே என் தலை.

"வெளிய வா மகள்."

"ஏலாது."

"உள்ளுக்க உப்புக் காயப்போகுது, பிள்ளை."

"காயட்டும். உங்கட பிள்ளை நானோ, அதோ?"

அம்மா அகப்பையோடு ஓடிவந்தா. "அடி எருமை, ஊர் சிரிக்கப்போகுது, வெளிய வாடி!" வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் ஏற்கனவே சிரித்துக்கொண்டுதான் நின்றன. "அடிக்காதை, விடு" என்றார் அப்பா. ஒற்றைக் கையால் என்னைத் தூக்கி வெளியே விட்டிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. எஞ்சினைத் தாங்கியில் இறக்கி வைத்துவிட்டு, அதை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார். அந்த அமளியிலும் அம்மா பழக்கதோஷத்தில் செம்புத் தண்ணியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தா. மாமா வாய்க்குக் கொண்டுபோனார். எஞ்சினைக் கண்டார். செம்பு நின்றது.

"இன்னும் கழுவேல்லையோ, அத்தான்?"

"பிள்ளை வெளிய வாறாள் இல்லை, மச்சான். நேரமும் போகுது. வந்து பாப்பம்..."

"இல்லை. திருவிழாவுக்கு நேரமாகுதெண்டு விட்டுப்போடாதேங்கோ."

மெதுவாகத்தான் சொன்னார். அப்பாவின் தலை குனிந்துவிட்டது. எஞ்சினின் பக்கத்திலிருந்த ஒரு திருகாணியைக் கழற்றி, சின்ன ரப்பர் ரியூப் ஒன்றைச் செருகி, புனலை வைத்துப் பிடித்தார். மாமா குந்தியிருந்து, தான் குடிக்கவென்று வைத்திருந்த செம்புத் தண்ணியை, ஒரு வாய்கூடக் குடிக்காமல், புனலுக்குள் ஊற்றினார். பிறகு எழும்பி என்னிடம் வந்தார். என்னை ஏசவில்லை. தள்ளவுமில்லை. "கொஞ்சம் சரிஞ்சு நில்லு, மருமகள்" என்று சொல்லி, எனக்குப் பக்கத்தால் செம்பை அமிழ்த்தி மொண்டுகொண்டு போனார். மறுபடி வந்தார். மறுபடி மொண்டார்.

தண்ணி என் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது, நெஞ்சிலிருந்து இடுப்புக்கு. என் வெற்றி என் கண் முன்னாலேயே வற்றிக்கொண்டு போனது. இடையிடையே மாமா எஞ்சினின் அடியால் ஒழுகுகிற தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் உப்புக் கிடக்கு" என்றார். மறுபடி செம்பு. கடைசியில், தண்ணி என் முழங்காலுக்குக் கீழே போன பிறகு, விரலை நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார்.

"உப்பில்லை, அத்தான்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதா. அப்பா எஞ்சினை விட்டுவிட்டு மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இதற்கெல்லாம் காரணத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, ஒரு மத்தியானம் மீன் வெட்டிக்கொண்டு, சாதாரணமாக. நான் பிறக்குமுன் மாமாவும் கடலுக்குப் போனவராம். வள்ளமும் எஞ்சினும் அவருக்கும் அப்பாவுக்கும் பொது. ஒருமுறை வெருகல் திருவிழாவுக்கு நேரமாகிறது என்று அப்பா எஞ்சினைக் கழுவாமல் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஏற்கனவே உப்பு ஏறியிருந்த எஞ்சின். அடுத்த பயணம் மாமா தனியே போயிருக்கிறார். நடுக்கடலில் தண்ணி பீச்சுவது நின்று, எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. கொண்டுபோன குடிதண்ணியும் முடிந்து, நாட்கணக்கில் நீரோட்டத்தோடு இழுபட்டுப் போனவரை வேறு ஊர் வள்ளமொன்று ஏற்றி வந்திருக்கிறது. நாக்கு வீங்கிப் பேச ஏலாமல் கிடந்தாராம். அதற்குப் பிறகு அவர் கடலில் கால் வைக்கவுமில்லை, எஞ்சின் ஒன்றைத் தொடவுமில்லை. அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

"அதுக்குப் பிறகு அண்டைக்கு உன்ர பரலடியிலதான் எஞ்சினை முதல் முதலாத் தொட்டவன்" என்றா அம்மா. வெட்டின மீனில் தண்ணி ஊற்றிக் கழுவத் தொடங்கினா.

பரலுக்குள் முழங்கால் தெரிய நின்றவளுக்கு இது ஒன்றும் தெரியாது. எஞ்சினைத் திரும்பியும் பார்க்காத ஒரே மனிதரும் அதன் பக்கம் போய்விட்டாரே என்று, வெருகல் போய்ச் சேருமட்டும் ஓட்டோவுக்குள் மாமாவோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தேன்.