தானாக ஓடிய வாட்ச்

காதருகே வைத்து ஆட்டினால் அந்த வாட்ச்சுக்குள் "சர்ரக்... சர்ரக்..." என்று மெல்லிய சத்தம் கேட்கும். உள்ளே ஒரு சின்னத் தகடு இருக்கிறது, கை ஆட ஆட அது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா துபாயிலிருந்து வந்தபோது அப்பாவின் கையில் கட்டிவிட்ட "ஆட்டோமேட்டிக்" அது. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் வாட்ச் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாம் காலையில் எழுந்ததும் சாவி கொடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இடது கையை நீட்டி, "சாவி குடுக்கற வேலையே இல்ல. என் கைதான் இதுக்குச் சாவி" என்று அளந்துகொண்டிருப்பார்.

அளக்கிறதற்கு நியாயம் இருந்தது. அவர் சுற்றுலா வேன் ஓட்டினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் வெளியூர்க் கூட்டத்தை ஏற்றி இறக்கும் வண்டி. கியர் போட்டுப் போட்டு ஓயாத கை. அந்தக் கையில் வாட்ச் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. செயின் இடுக்கில் சேரும் அழுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுப்பார், கண்ணாடியில் கீறல் விழுந்தால் பேஸ்ட் தடவிப் பொறுமையாகத் தேய்ப்பார். "இந்த அக்கறைய எங்க மேல கொஞ்சம் காட்டுனா என்னவாம்" என்று அம்மா முணுமுணுப்பது அவர் காதில் விழாது.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் மெல்ல மெல்ல இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது, கைதான் தேறவில்லை. ரப்பர் பந்தை அமுக்க வேண்டும், வலது கையால் இடது கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும், விடாமல் செய்தால் கை வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். செய்யும்போது உயிர் போகிற வலி. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார். "கை வரட்டும், சீட்டு உனக்குத்தான்" என்று வேன் முதலாளி சொல்லியிருந்தார். அதனால் அப்பா தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். வாட்ச்சை அந்த விழுந்த கையிலேயே கட்டச் சொன்னார். "கை ஆடுனாதான இது ஓடும்? என்னிக்கு நிக்காம ஓடுதோ அன்னிக்கு வண்டி எடுக்கறேன்." பயிற்சியின்போது ஆடுகிற கொஞ்ச ஆட்டம் அதற்குப் போதாது, சிறிது ஓடி நின்றுவிடும். தினமும் காலையில் கையைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்குவார்.

முழுப் பரீட்சை லீவு விட்டதும் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அம்மா அப்பாவைக் குளிப்பாட்டும்போது கழற்றுகிற வாட்ச்சையும் என்னிடம்தான் கொடுத்தாள். பத்திரமாக வைக்கத்தான் கொடுத்தாள். நானோ அதை முழங்கை வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு பம்புக்குப் போனேன்; பார்க்கிற பிள்ளைகள் வாயைப் பிளக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். குடம் குடமாக அடிக்க அடிக்க, உள்ளே "சர்ரக் சர்ரக்". வீட்டுக்கு வந்ததும் அப்பா கையில் திரும்பக் கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஓடுதுடி! நிக்கவே இல்ல! தூக்கத்துல கை ஆடியிருக்குது, நரம்பு வேலை செய்யுது!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால், நோயில் படுத்த பிறகு அப்பா அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அடுத்த நாளும் வாட்ச்சோடு பம்புக்குப் போனேன். நடுவில் காய்ச்சல் வந்து நான் போகாமல் இருந்தபோது வாட்ச் நின்றுபோய், அப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் வீட்டில் குடமெல்லாம் நிறைந்திருந்தால்கூட விடமாட்டேன், பம்பை அடித்துத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டேன்.

நான் செய்த அநியாயம் மெதுவாகத்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா பயிற்சியைக் குறைத்துக்கொண்டே வந்தார். "பந்த அமுக்குங்க" என்று அம்மா கெஞ்சினால், "வாட்ச்சே ஓடுது, பந்து எதுக்குடி?" என்பார். பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போய்க் கிடந்தது. சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் போய் நிற்பேன். அவர் வாட்ச்சை என் காதில் வைத்து, "கேளு, எப்பிடி ஓடுது பாரு" என்பார்.

அடுத்த பௌர்ணமிக்கு முதல் நாள், கை வந்துவிட்டது என்று அப்பா சொல்லியனுப்பியதை நம்பி முதலாளியே வேனோடு வந்துவிட்டார். தெருவே வேடிக்கை பார்க்க, அப்பாவை டிரைவர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்தோம். வலது கையால் இடது கையை எடுத்து கியர் மேல் வைத்தார். கை அங்கே கிடந்தது. வாட்ச் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுதே... ஓடுதே முதலாளி" என்றார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். நான் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்று சாயங்காலம் அப்பா வாட்ச்சைக் கழற்றச் சொல்லி, "உள்ள வை" என்றார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவே இல்லை. விழுந்த கைக்கு முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று பின்னாளில் யார் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இப்போது நான் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார். போன மாதம் பீரோவைத் துழாவியபோது வாட்ச் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுத்துக் கழுவி எண்ணெய் விட்டு வாங்கி வந்தேன். அப்பா இடது கையை வலது கையால் எடுத்து என் மடியில் வைத்து, "கட்டு" என்றார். கட்டினேன்.

இரண்டாம் நாள் காலையில் அதைக் காதில் வைத்துக் கேட்டவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நின்னுடுச்சும்மா. அந்த அடிபம்பத்தான் புடுங்கிட்டு டேங்க் வெச்சுட்டாங்களே, இனிமே எங்க ஓடப்போவுது?"

பம்பைப் பற்றி நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எப்போது தெரிந்தது, பந்து கட்டிலுக்கடியில் கிடந்த நாட்களிலேயே தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன், பயமாக இருந்தது. கேட்காமல் வாட்ச்சைக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும்" என்றார் அப்பா. "நின்னா என்னா? கையிலயே இருக்கட்டும்."