மே என்றால் 'லாம்'

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே 'மே' என்ற இங்கிலீஷ் சொல்தான். திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலைக்கு நேர்காணல். எனக்கு முன்னால் போன நான்கு பேரும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் கதவைப் பாதி திறந்து நின்று, "மே ஐ கமின் சார்?" என்றேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கிலீஸ் அருமையா வருதுங்களே அம்மிணி. வாங்க, உக்காருங்க."

அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் என் ஊரைப் பற்றித்தான். சேவூர் என்றதும், சேவூரில் எந்தப் பக்கம், யார் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் என்று விசாரித்து முடித்தார். திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

உண்மையில் என்னிடம் இருந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் பல வருடம் தினமும் வாசலில் நின்று சொன்ன வாக்கியம் அது. வாத்தியார் பலகையில் எழுதிப் போட்டதையும் மறக்கவில்லை. கேன் என்றால் முடியும், மஸ்ட் என்றால் வேண்டும், மே என்றால் லாம். வரலாம், போகலாம், சாப்பிடலாம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அந்த மார்க்கை நம்பித்தான் பின்னால் எட்டாயிரம் சட்டைகளைப் பாழாக்கினேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். கிணறு வற்றிய பிறகு ஆறு மிஷினோடு கம்பெனி ஆரம்பித்து, நான் சேர்ந்தபோது இரண்டு மாடிக் கட்டடமாக வளர்த்திருந்தார். யாரையும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. திட்டும்போதும் அப்படித்தான். "உங்களுக்கு மூள இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்பார். கேட்டவருக்குத் திட்டு வாங்கினோமா, நலம் விசாரிக்கப்பட்டோமா என்று குழப்பமாகிவிடும். பகல் பூராவும் இப்படி மரியாதையாகக் கொன்றுவிட்டு, சாயங்காலம் மாமனார் வீட்டு விருந்தாளியைப் போலக் கைகூப்பி வழியனுப்புவார்.

வெளிநாட்டில் எங்களிடம் துணி வாங்கும் கம்பெனிகளைப் பையர் என்போம். பையரிடமிருந்து வரும் மெயிலைக் காலை பத்து மணிக்கு அவர் அறையில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலையின் முக்கியமான பகுதி. எங்கள் பெரிய பையருக்கு ஒரு குளிர்நாட்டுப் பெண்மணிதான் பொறுப்பு. அவர் ஒருநாளும் 'செய்' என்று எழுதியதில்லை. 'நீங்கள் ஒருமுறை பார்க்க விரும்பலாம்', 'நிறம் சற்று அடர்த்தியாக இருக்கலாமோ' என்றுதான் எழுதுவார். எல்லாவற்றிலும் மே, மே, மே.

"நல்ல பொம்பளைங்க," என்பார் முதலாளி. "ஒண்ணையும் கட்டாயப்படுத்தறதில்ல பாருங்க. நம்மூரு ஆளுக மாதிரியே மருவாதி."

அந்த வருடம் குழந்தைகளுக்கான டி-சர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. துணி வெட்டுவதற்கு முன் சாம்பிள் அனுப்பினோம். பதில் வந்தது. பாராட்டு இரண்டு வரி, நன்றி ஒரு வரி. நடுவில், 'யூ மே வான்ட் டு செக் த நெக் ஒன்ஸ் மோர்.'

நான் வாத்தியார் சொன்னபடி பெயர்த்தேன். "சாம்பிள் நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க சார். வேணும்னா கழுத்த இன்னொருக்கா பாத்துக்கலாமாம்."

"வேணும்னாதானுங்களே?"

"ஆமாங்க சார். மேதான் போட்டிருக்குது."

"நமக்கு வேண்டாமுங்க. வெட்டச் சொல்லிருங்க."

கட்டிங் மாஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர். சாம்பிளின் கழுத்தைச் சுற்றிய ரிப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, "ரிப்பு ரொம்ப இறுக்கமா இருக்குதே தாயி, பச்சப்புள்ள தல நுழையுமா?" என்றார். பையரே வேண்டுமானால் பார் என்றுதான் எழுதியிருக்கிறார் என்று அவரிடம் அதிகாரமாகச் சொன்னேன். எழுத்தில் வந்துவிட்டதை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கத்திரியை எடுத்தார்.

சட்டை எல்லாம் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடுக்கிய பிறகு பையர் சார்பில் ஆய்வாளர் வந்தார். இருபது முப்பது சட்டையை எடுத்துக் கழுத்தை இழுத்து டேப் வைத்து அளந்தார். எல்லாவற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. மொத்த சரக்கும் ஃபெயில் என்று எழுதினார்.

முதலாளி என்னை அந்த மெயிலைத் திறக்கச் சொல்லி ஆய்வாளரிடம் காட்டினார். "பாருங்க சார், மேன்னுதானுங்க போட்டிருக்குது. மஸ்ட்டு எங்கீங்க?"

ஆய்வாளர் படித்துவிட்டுச் சிரித்தார். "அந்த மேடம் மஸ்ட்னு எழுதினா ஆர்டர் கேன்சல்னு அர்த்தங்க. மே போட்டாலே நீங்க மிஷின நிறுத்தியிருக்கணும்."

முதலாளி விடவில்லை. மறுநாள் அந்த அம்மையாரை வீடியோ காலில் கூப்பிடச் சொன்னார். நான் பேசுகிறேன் என்றேன், கேட்கவில்லை. நியாயம் தன் பக்கம் என்று உறுதியாக இருந்தவர், திரையைப் பார்த்து நேராகச் சொன்னார்: "மேடம், யூ சே வீ மே வான்ட். வீ நாட் வான்ட்."

நாங்கள் விரும்பலாம் என்றீர்கள், நாங்கள் விரும்பவில்லை. இலக்கணம் போகட்டும், வாத்தியாரின் பலகைப்படி அர்த்தத்தில் ஒரு பிழையும் இல்லை. என் வாத்தியார் இருந்திருந்தால் கைதட்டியிருப்பார். திரையில் அந்த அம்மையார் இனிமையாகப் புன்னகைத்து, 'ஐ மே நாட் ஹேவ் பீன் கிளியர்' என்றார்.

"என்னங்க சொல்றாங்க?" முதலாளி காதோரம் கேட்டார்.

"நான் தெளிவாச் சொல்லாம இருந்திருக்கலாம்ங்கறாங்க."

"பாத்தீங்களா, தப்ப ஒத்துக்கிட்டாங்க!"

அடுத்த வாக்கியத்தில் அந்த அம்மையார் பத்து நாளில் எல்லாக் கழுத்தையும் சரிசெய்து அனுப்பும்படி சொன்னார். அதற்கும் மே போட்டுத்தான் சொன்னார். இம்முறை நான் வேணும்னாவை விட்டுவிட்டேன். "செய்யலேன்னா சரக்கு வேண்டாமாம் சார்," என்றேன். தப்பு முதலாளியுடையது மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும். அவரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "உங்க இங்கிலீஸ் வாத்தியார் எந்த ஊருங்க?" என்று மட்டும் கேட்டார்.

பழைய ரிப்பை வெட்டி எடுத்துவிட்டு நீளமான புது ரிப் வைத்துத் தைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் மிஷின் ஓடியாக வேண்டும். முதலாளி நோட்டீஸ் எழுதச் சொன்னார். 'அனைவரும் வர வேண்டும்' என்று எழுதிக் காட்டினேன்.

"அய்யோ, வேண்டும்னு போடாதீங்க அம்மிணி. பையர் அனுப்பி ஆடிட்டுக்கு வர்றவங்க போர்ட போட்டோ புடிச்சுட்டுப் போவாங்க. லீவு நாள்ல கட்டாயப்படுத்தக் கூடாதுங்க. லாம் போடுங்க."

'ஞாயிற்றுக்கிழமை விருப்பமுள்ளவர்கள் வேலைக்கு வரலாம்' என்று தமிழில் எழுதி, இந்தியில் தெரிந்தவரை எழுத வைத்து ஒட்டினேன். சூப்பர்வைசர் லைன் லைனாகப் போய், "ஒருத்தரும் லீவு போடக்கூடாது" என்று வாயால் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தி பேசும் ஆட்களிடம் அதையே இந்தியில் சொன்னார். வாயால் சொன்னதை யாரும் போட்டோ பிடிக்க முடியாது.

எல்லோரும் வந்தார்கள், ஒருவரைத் தவிர. மண்ணரையிலிருந்து வரும் அக்கா. கழுத்து ரிப் வைப்பதில் எங்கள் கம்பெனியிலேயே நல்ல கை அவருடையது. திங்கட்கிழமை காலை முதலாளி நேராக அவர் மிஷினுக்குப் போனார். நோட்டும் கையுமாக நானும் பின்னால் போனேன்.

"எல்லாரும் வந்தாங்க. நீங்க மட்டும் ஏனுங்க வரல? ஒடம்பு சரியில்லீங்களா?"

"நல்லாத்தானுங்க இருந்தேன். துணி தொவச்சனுங்க, தலைக்கு ஊத்துனனுங்க, தூங்குனனுங்க."

"நோட்டீசு பாக்கலீங்களா?"

"பாத்தனுங்க. விருப்பம் இருக்கறவங்க வரலாம்னு போட்டிருந்துச்சு. எனக்கு விருப்பமில்லீங்க."

பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வீடியோ காலில் முதலாளி பேசிய அதே வாக்கியம்தான் இது, நல்ல தமிழில். அது அங்கே எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்தேன்.

"லாம்னு போட்டா லாம்னு அர்த்தமாயிருங்களா?" அவர் குரல் உயர்ந்தது, ங்க மட்டும் குறையவில்லை. "இதக்கூடவா வெளக்கிச் சொல்லோணும்?"

"எனக்குப் படிச்சாத் தெரியுதுங்க. படிக்காதது எப்படித் தெரியுமுங்க?"

"அப்படீன்னா நீங்க நாளையிலிருந்து ஊட்லயே இருக்கலாமுங்க. நிம்மதியாத் தூங்கலாமுங்க."

இந்த லாமுக்கு அந்த அக்கா என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. கத்திரியையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "எழுத்து நல்லாருக்குது கண்ணு" என்றார். பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை தெரியவில்லை. குத்தலாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நோட்டீஸை எழுதியவள் நான், உண்மை தெரிந்தும் வாய் திறக்காதவளும் நான்.

திருப்பூரில் நல்ல டெய்லர் ஒருநாள்கூடச் சும்மா இருக்க மாட்டார் என்பதை முதலாளி கோபத்தில் மறந்துவிட்டார். மறுநாளே அந்த அக்கா இரண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியில் உட்கார்ந்தார். எங்கள் லைனில் மற்றவர்கள் வைத்த ரிப் அலை அலையாக நெளிந்தது. செக்கிங்கில் பாதி திரும்பி வந்தது. மூன்றாம் நாள் முதலாளி என்னை அழைத்து, "நீங்க போய்ப் பேசுனா வருவாங்க அம்மிணி" என்றார். தான் போவதாக இல்லை.

சாயங்காலம் மண்ணரைக்குப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார், முறுக்கு வைத்தார், என் கல்யாணப் பேச்சு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார் வரச் சொன்னாருங்கக்கா. வர்றீங்களா?"

"அதுக்கென்ன கண்ணு, பாக்கலாம்."

எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து, அம்மாவுக்குப் பிடிக்காமல் போனால், அம்மாவும் காபி கொடுத்து இதையேதான் சொல்வாள். யாரும் இரண்டாம் முறை வந்ததில்லை. வாத்தியாரின் பலகையில் இந்த லாம் இல்லை.

திரும்பி வந்து முதலாளியிடம் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். "பாக்கலாம்னாங்களா?" என்றார். ஒருமுறை தலையாட்டிவிட்டு, "வேற டெய்லர் பாக்கச் சொல்லுங்க" என்றார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. என்ன இருந்தாலும் தாய்மொழி.

பீகார்க்காரர்கள் இரண்டு பேர் வந்து கழுத்து லைனைத் தூக்கி நிறுத்தினார்கள். சரக்கு ஐந்து நாள் தாமதமாகப் பாஸ் ஆகி, கப்பலில் போக வேண்டியது எங்கள் செலவில் விமானத்தில் போனது. குளிர்நாட்டு அம்மையார் நன்றி சொல்லி எழுதினார். கடைசி வரியில், அடுத்த சீசனுக்குத் தாங்கள் வேறு இடங்களையும் பார்க்கலாம் என்றிருந்தது.

"இது என்ன மேங்க?" என்று கேட்டார் முதலாளி.

"போயிட்டாங்க சார்," என்றேன்.

இப்போது புதிய பையர் ஒருவர். மெயில் நாலு வரிக்கு மேல் இருக்காது. எல்லா வரியிலும் மஸ்ட், அதுவும் பெரிய எழுத்தில். ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லை. சரக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆனால் முதலாளிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காலையில் நான் மெயிலைப் படித்து முடித்ததும் முகம் சுண்டிப்போகும்.

"மனுசனாங்க அவன்? இப்படியா அதிகாரம் பண்ணுவாங்க?" என்பார். நான் 'நோட்டட், வித் தேங்க்ஸ்' என்று பதில் அடித்துவிட்டு, கட்டிங் மாஸ்டரைப் பார்க்கப் போவேன்.