ஆடிய கால் அணாவும் லென்ஸ் நாற்காலியும்

சேலத்தில் பழைய நாணயக் கடையில் சேர்ந்த புதிதில் என் வேலை காசு அடுக்கும் தட்டு துடைப்பது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால், லென்ஸுக்கு முன்னால் ஒரு நாற்காலி. அதில் முதலாளி மட்டும்தான் உட்காருவார். கல்யாண ஆசையைவிட அந்த நாற்காலி ஆசைதான் எனக்குப் பெரிது.

ஒருநாள் கிலோ கணக்கில் வந்த கால் அணாக்களில் ஒன்றில் ‘இந்தியா’ என்ற ஆங்கில எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

“டபுள் டைங்க!” என்று கத்தினேன்.

நாணயம் அடிக்கும் அச்சுதான் டை. அதைச் செய்யும்போதே எழுத்து இரட்டையாக விழுந்திருந்தால் டபுள் டை. அபூர்வம்.

முதலாளிக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

“இளம்பிள்ளை குமரேசன் வருவாரு. தப்பா அடிச்ச எரர் காசுன்னா உசுரு அவருக்கு. லென்ஸ்ல நல்லாப் பாத்துட்டுக் குடு. நெசமா டபுள் டைன்னா திங்கக்கெழமையிலிருந்து நீ இங்க உக்காரு. தப்பா வித்து கடை பேரைக் கெடுத்தே, தட்டுதான் உனக்கு.”

அவர் தலை மறைந்ததும் உட்கார்ந்துவிட்டேன். லென்ஸைத் தொடக்கூட இல்லை.

குமரேசன் வந்தார். அட்டையில் குத்திய ஓட்டைப்படி டிசைன் நெய்யும் ஜக்கார்டு தறி ஓட்டுபவர்.

“ஏனுங்க, இந்தத் தப்பு அட்டையிலயா, தறி ஆட்டத்துலயா?”

“அட்டைன்னாங்க?” என்றேன்.

“டிசைன் அட்டையில ஓட்டை தப்பா உழுந்திருந்தா, சேலைக்குச் சேலை அதே எடத்துல அதே தப்பு வருமுங்க. தறி ஆடுனா அந்த ஒரு சேலையோட போச்சு. உங்க காசு எப்படிங்க?”

அப்போதுதான் லென்ஸை எடுத்தேன். அச்சிலேயே இரட்டை என்றால் இரண்டு எழுத்தும் உருண்டு மேடாக நிற்கும், முனை பிளந்திருக்கும். இதில் இரண்டாவது எழுத்து படிக்கட்டுபோலத் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. அடிக்கும்போது மெஷின் ஆடியிருக்கிறது. முதலாளி இதைப் பத்துத் தடவை சொல்லியிருந்தார். பத்துத் தடவையும் நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘அட்டைதாங்க’ என்று சொல்ல வாயெடுத்தேன். எழுந்து நின்றேன்.

“ஆட்டம்தாங்க.”

குமரேசன் சிரித்தார். “அட, சாதாக் காசு வெலைக்கே குடுங்க. ஊட்டுல நான் தப்பா நெய்ஞ்ச சேலை ஒண்ணு இருக்குதுங்க. விக்க உடாம எம் பொண்டாட்டியே கட்டிக்கிறா. அதுக்குத் தொணையா இருக்கட்டும்.”

திங்கட்கிழமை முதலாளி முழுக்கதையையும் கேட்டார். துடைக்கும் துணியை என் தோளில் போட்டார். இன்னும் ஒரு வருஷம் தட்டு துடைத்தேன். அதற்கப்புறம் நாற்காலி கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதில் உட்கார்ந்தே தேய்த்தேன்.

இப்போது புதிதாகச் சேகரிக்கும் பிள்ளைகள் செல்போனில் படம் அனுப்பி, “சார், டபுள் டை!” என்கிறார்கள். அட்டையா ஆட்டமா என்று கேட்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்கிறேன்: லென்ஸை எடுக்குமுன், எந்த நாற்காலிக்கு ஆசைப்படுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று ஆட்டத்தை அட்டையாகக் காட்டியது அந்த நாற்காலிதான்.